பழைய மாணவர் சங்கம் இல்லாத பாடசாலைகள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் எழுதுபவர், கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வன்னியில் பணியாற்றியவர். பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து ஸ்காபரோவில் ஆரம்ப வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றார். முல்லைத்தீவு மாவட்டத்தின் சிறிய பாடசாலைகள் சிலவற்றில், நண்பர்களோடு சேர்ந்து, மாலை வாசிப்பு வகுப்புகளை நடத்தி வருகிறார்.

ரீச்சர், நீங்கள் வடமராட்சியில் பிறந்து படித்தவர். சொந்தப் பாடசாலையை விட்டுவிட்டு, உறவினர் ஒருவர்கூட இல்லாத முல்லைத்தீவுக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
– வாசகர், மார்க்கம், கனடா

என் பாடசாலைக்கு என்னை விட்டால் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் ஒரு சங்கம், லண்டனில் ஒரு சங்கம், சிட்னியில் ஒரு சங்கம். ஆண்டுதோறும் இராப்போசன விருந்து, இசை நிகழ்ச்சி, மலர் வெளியீடு என்று நிதி சேர்க்கிறார்கள். கணினி அறை வந்துவிட்டது, விளையாட்டு மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்கும் வந்துவிட்டது. எனக்கு அதில் மனநிறைவுதான். என்னை ஆளாக்கிய பாடசாலை அல்லவா?

ஆனால் வெளிநாட்டுப் பணம் எப்படி ஊருக்கு வருகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஆட்கள் போன வழியாலேதான் அது திரும்பி வருகிறது. 1983க்குப் பிறகு வெளிநாடு போவதென்றால் முகவருக்குக் கொடுக்கக் காசு வேண்டும். காணியை ஈடு வைத்தோம், தாலிக்கொடியை விற்றோம். ஈடு வைக்கக் காணியும் விற்க நகையும் இருந்தவர்கள் போனார்கள். இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள், கடைசிவரை இருந்தார்கள், 2009 மே மாதம்வரை எல்லாவற்றையும் அனுபவித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு வெளிநாட்டில் பழைய மாணவர் எங்கிருந்து வருவார்கள்? தேவை எங்கே மிக அதிகமோ, அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை.

என் முதல் நியமனம் வன்னியில் ஒரு குளக்கட்டுக்குக் கீழே இருந்த பாடசாலைக்கு. தரம் ஐந்தோடு முடிந்துவிடும் பாடசாலை. கஷ்டப் பிரதேசம் என்று கல்வித் திணைக்களமே பெயர் வைத்த இடம். போர் முடிந்த பிறகு அந்த ஊர் மக்கள் மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு மீளக் குடியேறினார்கள். நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாடசாலைக்குப் புதிய கட்டடம் இருந்தது. கூரை நல்ல கூரை, சுவருக்கு வர்ணம் பூசியிருந்தது. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே ஒரு மனிதரும் இல்லை. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பாடசாலை விட்டதும் வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர இரவாகிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு மணிக்குப் பிறகான நேரத்துக்குத்தான் நாங்கள் போனோம்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலையின் நூற்றாண்டை முன்னிட்டு நுழைவாயில் வளைவு கட்டத் தீர்மானித்திருக்கிறது. சிலர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், ஹரோ, இங்கிலாந்து

வளைவு கட்டுகிறவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. வெளிநாட்டில் உழைத்த காசில் ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் எழுப்புவது யாழ்ப்பாணத்துக்குப் பழைய வழக்கம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் போனவர்கள் அனுப்பிய காசில் எத்தனையோ கிணறுகளும் கோயில்களும் பாடசாலைகளும் எழுந்தன. மலாயாப் பென்சனியர் என்றால் ஊரில் தனி மதிப்பு. ஆனால் அவர்களில் பலர் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து அதே ஊரில் வாழ்ந்தார்கள். பாடசாலைக்கு வாத்தியார் வந்தாரா, வரவில்லையா என்பது படலையில் நின்றாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் அப்படித் திரும்பவில்லை. ஆறு வாரம் கோடை விடுமுறையில் போகிறோம், படம் எடுக்கிறோம், வருகிறோம். படத்தில் தெரிகிற பொருளுக்கே காசு போகிறது.

சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள சிறிய ஆரம்பப் பாடசாலைகளில் எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன? அங்கிருந்துதான் உங்கள் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வளைவுக்கு ஒதுக்கிய தொகையைப் பிரித்து அந்தப் பாடசாலைகளில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வாசிப்பு ஆசிரியையை வைத்திருக்கலாம். நூற்றாண்டு மலரில் அதை எழுதலாம், பெருமையாகவே எழுதலாம்.

இலங்கையில் கல்வி இலவசம். புத்தகமும் சீருடையும் அரசு கொடுக்கிறது. அப்படியிருக்க உங்கள் மாலை வகுப்பில் அப்படி என்ன புதிதாக நடக்கிறது?
– வாசகர், டோட்முண்ட், ஜேர்மனி

கேட்க வேண்டிய கேள்வி. 1945 முதல் கல்வி இலவசம், 1980 முதல் பாடப்புத்தகம், 1993 முதல் சீருடைத் துணி. நான் படித்ததும் அந்தக் கொடையால்தான். அதை யாரும் குறைத்துப் பேசுவதை நான் விரும்பமாட்டேன். ஆகவே நாங்கள் பாடசாலை நடத்தவில்லை. பாடசாலையால் எட்ட முடியாத ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டோம்: தரம் மூன்றுக்குள் ஒரு பிள்ளை தானாகத் தமிழ் வாசிக்க வேண்டும்.

தரம் மூன்றில் ஒரு சிறுவன் எனக்குத் தமிழ்ப் பாடம் வாசித்துக் காட்டினான். ஒரு பக்கம் முழுவதையும் தடங்கல் இல்லாமல், குரலை ஏற்றி இறக்கி, அழகாக வாசித்தான். ஆனால் அவன் விரல் வேறு வரியில் நின்றது. பக்கத்தின் மேலே இருந்த படத்தை என் கையால் மறைத்தேன். வாசிப்பு நின்றுவிட்டது. கையை எடுத்தேன், மீண்டும் தொடங்கினான். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்வதைக் காதால் கேட்டு, படத்தை அடையாளமாக வைத்து, புத்தகம் முழுவதையும் அவன் மனத்தில் ஏற்றி வைத்திருந்தான். எப்பேர்ப்பட்ட நினைவாற்றல்! அந்தப் பிள்ளைக்கு மூளை மந்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். க, ம, ப தெரியும். கா, மா, பா தெரியும். 'கெ' என்றால் கொஞ்சம் யோசிப்பான். 'கொ' வந்தபோது 'கெ-ஆ' என்று வாசித்தான். அவன் வாசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது பாருங்கள். இடமிருந்து வலமாகக் கண் போகிறது. முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு என்று நாங்கள் சொல்லும் துணைக்கால். கண்டதைக் கண்ட வரிசையில் சொல்கிறான். ஒரு ஒலிக்கு அடையாளம் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் என்று அவனுக்கு யாரும் நின்று நிதானமாகக் காட்டவில்லை. தரம் ஒன்றில் காட்டியிருப்பார்கள். அன்றைக்கு அவன் நெல் அறுவடைக்குப் போன பெற்றோரோடு வயலில் இருந்திருப்பான், அல்லது காய்ச்சலில் படுத்திருப்பான். கொரோனாக் காலத்தில் தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளோ மாதக்கணக்கில் வகுப்பறையையே பார்க்கவில்லை. அந்த இடைவெளி ஆறியதும் 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் பாடசாலைகள் மூடின. கொப்பி விலை ஏறியதில் ஒரே கொப்பியில் மூன்று பாடம் எழுதிய பிள்ளைகளை நான் பார்த்தேன்.

இந்தக் கொம்புக்கும் அரவுக்கும் வழி கண்டுபிடித்தது நானல்ல. எங்கள் வாசிப்பு ஆசிரியை அந்த ஊரிலேயே பிறந்து, உயர்தரம் முடித்து, வேலைக்குக் காத்திருந்த பெண். பிள்ளைகள் அவரை அக்கா என்கிறார்கள். பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி, ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் அரவு எழுதி மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தார். க பிடித்த பிள்ளை நடுவில் நிற்கும். கொம்பு மட்டும் இடப்பக்கம் வந்து நின்றால் எல்லோரும் 'கெ' என்று சொல்ல வேண்டும். அரவு மட்டும் வலப்பக்கம் வந்தால் 'கா'. இரண்டு பேரும் ஓடிவந்து இரண்டு பக்கமும் நின்றால் 'கொ'. பிறகு மேலே சுழித்த கொம்போடு இன்னொரு பிள்ளை வந்து முந்தைய கொம்பைத் தள்ளிவிட்டு நிற்கும், 'கோ'! முற்றம் முழுக்க ஒரே சத்தம். அன்று பின்னேரம் அந்தச் சிறுவன் 'கொக்கு' என்ற சொல்லைத் தானாகவே வாசித்தான். பிறகு 'கொடி', பிறகு 'பொம்மை'. படம் ஏதும் இல்லாத கரும்பலகையில்.

மற்றபடி வகுப்பின் ஒழுங்கு எளிமையானது. வந்தவுடன் அவித்த கடலை அல்லது கௌபி. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்பது எங்களுக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது. பிறகு சிறு குழுக்களாக எழுத்து வேலை. அதன் பிறகு பாயில் இருந்து விருப்பமான கதைப் புத்தகம். போகும்போது ஒரு புத்தகம் வீட்டுக்கு. புத்தகம் தொலைந்தால் தண்டம் இல்லை, ஏச்சும் இல்லை. பூட்டி வைத்த புத்தகத்தைக் கறையான்தான் வாசிக்கும், வன்னியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். சில ஊர்களில் யானை இறங்கும் நேரத்துக்கு முன்பே பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்பதால் நாலரை மணிக்கு வகுப்பை முடித்துவிடுவோம். மாரியில் வீதிக்கு மேலாகத் தண்ணீர் பாயும் நாள்களில் வகுப்பு இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வரவில்லை. சிலர் ஒரு தவணையில் பிடித்துக்கொள்கிறார்கள், சிலருக்கு ஒரு ஆண்டு போதவில்லை. ஒரு பெண்பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எதுவும் வாசிக்கமாட்டாள், பாயில் புத்தகத்தை மூக்குக்கு அருகே பிடித்து வாசிப்பாள். அவளுக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி மட்டும்.

பணம் யார் கையில் போகிறது? அனுப்புகிற காசு அப்படியே பிள்ளைகளுக்குச் சேர்கிறது என்று எப்படி நம்புவது?
– வாசகர், பாரிஸ்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகிறது. தனி ஆளின் கணக்குக்கு அனுப்புவதில்லை. அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் தெரியாமல் எதுவும் செய்வதில்லை. தாமதமாகும், கடிதங்கள் எழுத வேண்டியிருக்கும், ஆனால் நாளைக்கு அதிபர் மாறினாலும் வகுப்பு நிற்காது. செலவில் பெரும் பகுதி வாசிப்பு ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவு. பிறகு கடலையும் கௌபியும், கடைசியாகப் புத்தகம். பலருக்கு இந்த வரிசை பிடிப்பதில்லை. "சம்பளத்துக்கா காசு கேட்கிறீர்கள்?" என்கிறார்கள். ஆம், சம்பளத்துக்குத்தான். மேசை பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக் கொடுக்காது. வடக்கில் எத்தனையோ இளையோர் தொண்டர் ஆசிரியர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகச் சொற்பத் தொகைக்கு உழைத்திருக்கிறார்கள். தொண்டு என்று சொல்லி ஒரு ஏழைப் பெண்ணின் உழைப்பை வாங்குவதற்கு எனக்கு மனம் வராது. ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்துக் கொண்டாடும் செலவை நினைத்துப் பாருங்கள், அவருடைய ஓராண்டுக் கொடுப்பனவு உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

நான் கிளிநொச்சியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஒவ்வொரு ஆண்டும் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து இரண்டு நாள் கருத்தரங்கு வைத்து, எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதுபோலப் பேசிவிட்டுப் போகிறார்கள். நீங்களும் அப்படித்தானா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.
– ஆசிரியை, கிளிநொச்சி

கோபம் இல்லை, ரீச்சர். நீங்கள் எழுதியதை இங்கே உள்ள ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே முழுமையாக வெளியிடும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் இங்கே எப்படிப்பட்ட வகுப்பறைகளில் படிப்பித்தோம் என்பதை வருகிறவர்கள் சொல்வதில்லை. ஒன்ராறியோவில் தரம் 1 முதல் 3 வரை ஒரு வகுப்பில் 23 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. என் வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் அதற்கென்று சிறப்புக் கல்வி ஆசிரியர் வருவார், பேச்சுப் பயிற்சியாளர் வருவார். பாடசாலைக்குள்ளேயே நூலகம். உங்கள் நிலை எனக்குத் தெரியும்: தரம் இரண்டும் மூன்றும் ஒரே அறையில், நடுவில் ஒரு தட்டி, அடுத்த வகுப்பின் சத்தம் உங்கள் குரலுக்கு மேலே. வராத ஆசிரியரின் பாடத்தையும் நீங்களே பார்க்க வேண்டும். அங்கே வந்து கனடாவில் செய்த ஒன்றை அப்படியே செய்யச் சொல்வது அறியாமை மட்டுமல்ல, அவமதிப்பும்கூட.

எங்களோடு வருகிற தொண்டர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். முதல் வாரம் கடைசி வாங்கில் இருந்து வகுப்பைப் பார்க்க வேண்டும், பேசக்கூடாது. பிறகு ஆசிரியை எந்தப் பிள்ளையைக் கையில் கொடுக்கிறாரோ அந்தப் பிள்ளையோடு மட்டும் வேலை செய்ய வேண்டும். கருத்தரங்கு வைப்பதென்றால் வைப்பவர் உள்ளூர் ஆசிரியராக இருக்க வேண்டும், நாங்கள் தேநீரும் போக்குவரத்துச் செலவும் பார்த்துக்கொள்வோம். அந்தக் கலண்டர் மட்டை விளையாட்டை மற்ற ஊர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த வாசிப்பு அக்காதான். நீங்களும் உங்கள் வகுப்பில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருப்பீர்கள். அதை எனக்கு எழுதுங்கள், மற்ற ஆசிரியர்களிடம் உங்கள் பெயரோடு கொண்டு சேர்க்கிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறோம். சித்தி பெறும் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கர வண்டியும் கொடுக்கிறோம். தொடரலாமா?
– வாசகர், ஒஸ்லோ, நோர்வே

தொடருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிற பிள்ளைக்கு வாழ்த்தும் பரிசும் படமும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். தாண்டாத பிள்ளைக்கு அந்த வாரம் வீட்டில் என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். பத்து வயதில் தோற்றுப்போனதாக நினைக்கிற பிள்ளை! மாதிரி வினாத்தாளை வாசிக்கவே முடியாத பிள்ளைக்கு இலவச வினாத்தாளால் என்ன பயன்? இந்த ஆண்டு துவிச்சக்கர வண்டிகளில் சிலவற்றைப் பரீட்சைப் புள்ளி பார்க்காமல், பாடசாலைக்கு மிக நீண்ட தூரம் நடக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்காக இப்படிச் செய்த வேற்று நாட்டுக்காரர் யாராவது உண்டா? எங்கள் அமைப்பு கொள்கலன் நிறைய ஆங்கிலப் புத்தகங்கள் அனுப்ப யோசிக்கிறது.
– வாசகர், மெல்பேர்ண், அவுஸ்திரேலியா

யோஹானஸ் கெப்ரெகியோர்கிஸ் என்ற எத்தியோப்பியரைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கேள்விக்கும் அவருடைய கதையிலேயே பதில் இருக்கிறது.

தெற்கு எத்தியோப்பியாவில் நெகெலே போரெனாவில் வளர்ந்தவர். தந்தை எழுதப் படிக்கத் தெரியாத மாட்டு வியாபாரி. பாடப்புத்தகம் அல்லாத ஒரு புத்தகம் அவர் கையில் முதன்முதலாக வந்தபோது அவருக்கு வயது 19. அரசியல் அகதியாக அமெரிக்கா போனார், படித்தார், சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் சிறுவர் நூலகரானார். உலக மொழிகளில் எல்லாம் சிறுவர் புத்தகங்கள் அடுக்கியிருந்த அந்த நூலகத்துக்கு, தன் அம்ஹாரிக் மொழியில் வாங்கி வைக்கலாம் என்று தேடினால் ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. அவரே உட்கார்ந்து நாட்டுப்புறக் கதை ஒன்றை அம்ஹாரிக்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி 2002இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1998இல், எத்தியோப்பியாவில் வளர்ந்த எழுத்தாளர் ஜேன் கர்ட்ஸுடன் சேர்ந்து 'எத்தியோப்பியா ரீட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். பிறகு நூலக வேலையை விட்டுவிட்டு, நன்கொடையாகக் கிடைத்த 15,000 புத்தகங்களோடு நாடு திரும்பினார். அடிஸ் அபாபாவில் தான் குடியிருந்த வீட்டிலேயே 2003இல் சிறுவர் நூலகம் திறந்தார். 2005இல் அவாசா நகரில் கழுதை பூட்டிய வண்டியில் புத்தகங்களை ஏற்றிப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார். வண்டி நிற்கும், பக்கவாட்டுப் பலகை திறக்கும், மர நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்து வாசிப்பார்கள். 2008இல் சிஎன்என் தொலைக்காட்சி அந்த ஆண்டின் நாயகர்கள் பத்துப் பேரில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

நான் அவரை மதிப்பது விருதுக்காக அல்ல. அம்ஹாரிக்கும் எங்களைப் போலவே உயிர்மெய் எழுத்து முறை. 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவங்கள், மொத்தம் 231. அந்த எழுத்தில் பழக வேண்டிய ஆறு வயதுப் பிள்ளையின் முன்னால் ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் மலையாகக் குவித்தால் போதாது என்பது நூலகரான அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் கொண்டுபோனார், கூடவே தாய்மொழியில் புத்தகம் உருவாக்கினார். அதைவிடப் பெரிது, அவரே அங்கே போய் இருந்தார்.

ஆகவே கொள்கலனை நிறுத்தி வையுங்கள். பனிமனிதனும் பூசணிக்காய்த் திருவிழாவும் நிறைந்த பழைய ஆங்கிலப் புத்தகங்கள் துறைமுகத்தில் வரி கட்டி, லொறி வாடகை கொடுத்து வந்து, அதிபரின் அலுவலகத்தில் பெட்டி பிரிக்காமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கப்பல் செலவில் தமிழ்ப் படக்கதைகள் வாங்கலாம். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். வாசிப்பு நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள், யாரும் இறக்கி அச்சிட அனுமதி உண்டு. எங்கள் அச்சகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களை நினைத்து இன்றும் அழுகிற சமூகம் நாங்கள். அந்தத் துயரத்தை ஒரு கிராமத்துப் பிள்ளையின் கையில் தமிழ்ப் புத்தகம் வைப்பதிலும் காட்டலாம்.

வன்னி, வன்னி என்றே எழுதுகிறீர்கள். மலையகத் தோட்டப் பிள்ளைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?
– வாசகர், ஹற்றன்

தெரிகிறது ஐயா. தோட்டப் பாடசாலைகளை 1970களில்தான் அரசு பொறுப்பேற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இலேயே திறந்த கதவு உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் தாமதமாகத் திறந்தது. அந்தத் தாமதத்தை யாரும் இன்னும் ஈடு செய்யவில்லை.

நான் மேலே எழுதிய சங்கம் இல்லாத பாடசாலை என்பதற்கு உங்கள் பாடசாலைகளே முதல் உதாரணம். மலையகத்திலிருந்தும் ஆட்கள் வெளிநாடு போகிறார்கள்தான். லயன் அறையில் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய்மார்கள். வன்னியிலிருந்தும் அப்படிப் போகிறார்கள். அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான், அவர்கள் அனுப்பும் காசும் கல்விக்குத்தான் போகிறது. ஆனால் அவர்களுக்கு இராப்போசன விருந்தும் மலரும் இல்லை. குவைத்தில் இருந்து ஒரு தாய் வாட்ஸ்அப்பில் மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததை எங்கள் வாசிப்பு ஆசிரியை ஒருவர் சொன்னார். பகல் வேலை முடிந்து, மற்றவர்கள் தூங்கிய பிறகு, தொலைபேசியில். எந்தக் கல்வி மாநாட்டிலும் அந்தத் தாயின் பெயர் வராது.

எங்கள் சிறிய குழுவால் மலையகம்வரை வர முடியவில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வசதியான பழைய மாணவர் சங்கங்களிடம் நான் வெளிப்படையாகக் கேட்கிறேன்: உங்கள் வருடாந்த நிதியில் ஒரு பங்கை நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒதுக்குங்கள். உங்கள் பாடசாலையின் பெயரிலேயே செய்யுங்கள். உங்கள் பகுதியில் வாசிப்பு வகுப்பு நடத்தக்கூடிய, உயர்தரம் முடித்த இளையோர் யாரும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஐயா. கேட்கும் சங்கங்களிடம் அந்த விவரத்தைக் கொடுப்பேன்.

நான் கனடாவில் பிறந்தவள், தரம் 11 படிக்கிறேன். தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பேன். இணையம் வழியாக அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க முடியுமா?
– மாணவி, ஸ்காபரோ

முடியும் மகள். நீ மெதுவாகத் தமிழ் வாசிக்கிறாய் என்பது இந்த வேலைக்கு நல்லது. அங்கே தரம் ஐந்தில் இருக்கிற பிள்ளையும் ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்கும். நீ ஒரு பக்கம் ஆங்கிலம் வாசி, அந்தப் பிள்ளை ஒரு பக்கம் தமிழ் வாசிக்கட்டும். அது உன்னைத் திருத்தும், நீ அதைத் திருத்து. இலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அதை அங்குள்ள ஆசிரியை பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு அழைப்பிலும் வாசிப்பு அக்கா கூடவே இருப்பார், தனி அழைப்பு கிடையாது. இது உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

நேரம் சொல்கிறேன். அங்கே சனிக்கிழமை காலை ஏழரை. உனக்கு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி, நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு ஒன்பது மணி. உன் நண்பர்கள் படம் பார்க்கப் போகிற நேரம் அது. அதை நன்றாக யோசித்துவிட்டுச் சொல். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்குத் தேவையான 40 மணிநேரச் சமூக சேவைக்கு இதைக் கணக்கில் எடுப்பார்களா என்று உன் பாடசாலையில் முன்கூட்டியே கேட்டுக்கொள். ஆனால் 40 மணிநேரம் முடிந்த அன்றே காணாமல் போகிறவர்கள் வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் திரையில் உன் முகம் வரும் என்று ஒரு பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வந்து உட்காரும். குறைந்தது ஒரு முழுத் தவணை, இடையில் விடாமல் வருவாய் என்றால், அம்மாவிடமோ அப்பாவிடமோ கையெழுத்து வாங்கி ஆசிரியர் குழுவின் முகவரிக்கு எழுது. அங்கே அடுத்த தவணை தொடங்கும் முன் உனக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடுகிறேன்.